அப்படியே இருக்கிற ஊர்

கேள்வி: பிபிசி எடுத்த 'மிடில்மார்ச்' தொடரை இப்போதுதான் பார்த்து முடித்தேன். அந்த ஊர் ஸ்டாம்ஃபோர்டு என்ற பெயரில் இங்கிலாந்தில் இன்றும் அப்படியே இருக்கிறதாமே? ஜார்ஜ் எலியட் அந்த ஊரை வைத்துத்தான் நாவலை எழுதினாரா? அடுத்த வருஷம் மகளைப் பார்க்க லண்டன் போகிறோம். போய்ப் பார்க்கலாமா?

பதில்: தாராளமாகப் போய்ப் பாருங்கள். அழகான ஊர். ஆனால் எலியட் எழுதியது அந்த ஊரை அல்ல. 1994இல் வந்த அந்தத் தொடரின் தெருக்காட்சிகளை லிங்கன்ஷைரில் உள்ள ஸ்டாம்ஃபோர்டில் எடுத்தார்கள். எலியட் மனதில் இருந்தது இங்கிலாந்தின் நடுப்பகுதியில் உள்ள கவென்ட்ரி. அவர் பள்ளியில் படித்த ஊர் அது. பிறகு 1841இல் அப்பாவோடு அங்கேயே குடிவந்து, 1849இல் அப்பா சாகும்வரை அங்கேதான் இருந்தார். உங்கள் கேள்விக்குப் பதில் இவ்வளவுதான். ஆனால் 'அப்படியே' என்று ஒரு வார்த்தை போட்டிருக்கிறீர்களே, அதைத் தாண்டிப் போக என்னால் முடியவில்லை.

ஒரு ஊர் இருநூறு வருஷம் எப்படி அப்படியே இருக்கும்? யாராவது பாதுகாத்ததால் என்று நினைப்போம். ஸ்டாம்ஃபோர்டையும் பாதுகாத்தார்கள்தான். இங்கிலாந்தில் சட்டப்படி பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்ட முதல் இடமே அதுதான், 1967இல். ஆனால் அதற்கு முன்னால் நூறு வருஷமாக அங்கே பெரிதாக எதுவும் வந்து இறங்கவில்லை, அதுதான் முதல் காரணம். லண்டனிலிருந்து வடக்கே போகும் பெரிய சாலையில் இருந்த ஊர் அது. குதிரைக் கோச்சுகள் ஓடிய காலத்தில் அங்குள்ள ஜார்ஜ் விடுதியில் ஒரு நாளைக்கு நாற்பது கோச்சுகள் நின்று போகுமாம். வடக்கே போகிறவர்கள் காத்திருக்க யார்க் என்று ஓர் அறை, தெற்கே போகிறவர்களுக்கு லண்டன் என்று ஓர் அறை. அப்புறம் ரயில் வந்தது. 1850களின் தொடக்கத்தில் லண்டனிலிருந்து வடக்கே போட்ட பிரதான பாதை பீட்டர்பரோ வழியாகப் போய்விட்டது, ஸ்டாம்ஃபோர்டுக்குக் கிடைத்தது ஒரு பக்கப் பாதைதான். ஊரைச் சுற்றியிருந்த வயல்களும் 1870கள் வரை பிரித்து வேலியடைக்கப்படாத பொதுவயல்களாகவே கிடந்ததால், வெளியே வீடு கட்டி ஊர் பரவவும் வழியில்லை. கல்வீடுகள் நின்றபடியே நின்றுவிட்டன.

இப்போது கவென்ட்ரிக்கு வாருங்கள். நாவல் நடப்பது 1829 முதல் 1832 வரை. அப்போது கவென்ட்ரி பட்டு ரிப்பன் நெய்யும் ஊர். வீட்டுக்கு வீடு தறி. எலியட்டுக்கு அங்கே கிடைத்த நெருங்கிய நண்பர் சார்லஸ் பிரே ஒரு ரிப்பன் உற்பத்தியாளர். 1860இல் பிரான்ஸோடு வணிக ஒப்பந்தம் ஆகி, பிரெஞ்சுப் பட்டு வரியில்லாமல் வந்து இறங்கியதும் அந்தத் தொழில் படுத்துவிட்டது. வேலை போன ஊர் கைக்குக் கிடைத்ததைப் பிடித்துக்கொண்டது. முதலில் தையல் இயந்திரம், பிறகு சைக்கிள். இன்று நாம் ஓட்டுகிற சைக்கிளின் வடிவம் 1885இல் அங்கே செய்த ரோவர் வண்டியில்தான் நிலைபெற்றது. சைக்கிளுக்குப் பின் கார், காருக்குப் பின் விமான எஞ்சின். அந்தத் தொழிற்சாலைகளைத் தேடித்தான் 1940 நவம்பர் 14 இரவு ஜெர்மன் விமானங்கள் வந்தன. விடியும்வரை குண்டு போட்டார்கள். ஐநூறு பேருக்கு மேல் செத்தார்கள், புனித மைக்கேல் பேராலயம் எரிந்து சுவர்கள் மட்டும் மிஞ்சின. குண்டு விழுவதற்கு நான்கு வருஷம் முன்பே, புதுச் சாலை போட என்று புட்சர் ரோ என்ற பழைய மரவீட்டுத் தெருவை நகர நிர்வாகமே இடித்திருந்தது என்பதையும் சொல்ல வேண்டும், பழியை முழுக்க விமானங்கள் மேல் போடக் கூடாது.

ஆக, எலியட் எழுதிய ஊரில் எல்லாம் நடந்தது, அதனால் படம் எடுக்க ஊர் இல்லை. படம் எடுத்த ஊரில் அவ்வளவு நடக்கவில்லை, அதனால் ஊர் இருக்கிறது.

இதில் எனக்கு என்ன வருத்தம் என்று கேட்பீர்கள். 'மிடில்மார்ச்' மாறிக்கொண்டிருக்கும் ஊரைப் பற்றிய நாவல். வாக்குரிமையை விரிவாக்கும் சீர்திருத்த மசோதா, காலரா பயம், புது மருத்துவமனை, ரயில்பாதைக்கு நிலம் அளக்க வந்தவர்களை வைக்கோல் முட்கரண்டியோடு விரட்டும் கூலியாட்கள் என்று பக்கத்துக்குப் பக்கம் வெளியிலிருந்து ஏதோ ஒன்று வந்து ஊரை உலுக்குகிறது. லண்டன் - பர்மிங்ஹாம் ரயில்பாதைக்கு நிஜமாகவே அந்த வருஷங்களில்தான் நிலம் அளந்தார்கள், 1838இல் அது கவென்ட்ரி வழியாக ஓடத் தொடங்கியது. தொடர் எடுத்தவர்களுக்கும் இது தெரியும். முதல் காட்சியிலேயே, ஊருக்குப் புதிதாக வரும் இளம் மருத்துவர் லிட்கேட் கோச்சில் வரும்போது ரயில்பாதை வேலை நடப்பதைப் பார்க்கிறார். ஆண்ட்ரூ டேவிஸ் எழுதிய திரைக்கதையில் எனக்கு மிகப் பிடித்த தொடக்கம் அது. ஆனால் அந்தக் கோச்சு போய் நுழைவது பிரதான ரயில்பாதை வராமலே போன ஊருக்குள்!

கல்லின் நிறமும் எனக்கு இடிக்கிறது. ஸ்டாம்ஃபோர்டு முழுக்க வெளிர்மஞ்சள் சுண்ணாம்புக்கல். கவென்ட்ரி சிவப்பு மணற்கல், செங்கல், கறுத்த மரச்சட்டம். நிறத்தில் என்ன இருக்கிறது என்று நண்பர் ஒருவர் இருபது வருஷமாக என்னோடு சண்டை போடுகிறார். கற்பனை ஊருக்கு முகவரி தேடுவதே வீண் என்பது அவர் கட்சி. நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். எலியட் இந்த நாவலுக்காக மருத்துவச் செய்திகளையும் அரசியல் தேதிகளையும் எழுதிச் சேர்த்த குறிப்பேட்டுக்கு 'மிடில்மார்ச்சுக்கான கல்குவாரி' என்றே தலைப்பு வைத்தார். அவ்வளவு வெட்டி எடுத்துக் கட்டியவர் ஊரை மட்டும் காற்றிலிருந்து பிடித்திருப்பாரா? லிட்கேட்டை மணக்கும் ரோசமண்டின் அப்பா வின்சி, பக்திமானான வங்கிக்காரர் புல்ஸ்ட்ரோடிடம் கோபப்படும் இடத்தைப் படித்துப் பாருங்கள். புல்ஸ்ட்ரோடோடு சம்பந்தப்பட்ட சாயக்காரர்கள் போடும் நீலமும் பச்சையும் பட்டுத்துணியை அரிக்கிறதாம், அதில் வரும் லாபத்தில்தான் தேவனுக்கு மகிமை நடக்கிறதாம். சாயம் தெரிந்தவரோடு பழகாமல் அந்தக் கோபத்தை எழுத முடியாது. நிலக்காரர் புரூக் தேர்தலுக்கு நின்று பேச்சு உளறும்போது கீழே நிற்கிற கூட்டத்திலும் நெசவாளர்கள் உண்டு, தோல் பதனிடுகிறவர்கள் உண்டு. தொடரில் அந்த மஞ்சள் தெருவையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு அங்கே யாரும் சாயத்தில் கை வைத்துப் பிழைப்பதாகத் தோன்றாது, எல்லோரும் வாடகை வாங்கித் தின்பது போல இருக்கும். ஊரின் பிழைப்பு தெரியாமல் புல்ஸ்ட்ரோடின் பணம் யாரை எல்லாம் கட்டிப்போட்டிருந்தது என்று எப்படிப் புரியும்?

'கிரான்ஃபோர்டு' தொடருக்கும் இதே கதைதான். எலிசபெத் காஸ்கெல் எழுதியது மான்செஸ்டருக்குப் பக்கத்திலுள்ள நட்ஸ்ஃபோர்டை. 2007இல் பிபிசி அதை எடுத்தது தெற்கே வில்ட்ஷைரில் உள்ள லாகாக் கிராமத்தில். மட்டில்டா டால்பட் என்ற அம்மையார் 1944இல் கிட்டத்தட்ட ஊரையே, பழைய இடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்புக்குக் கொடுத்துவிட்டதால் அதுவும் அப்படியே இருக்கிறது. அவருடைய தாத்தா ஃபாக்ஸ் டால்பட்தான் 1835இல் அந்த ஊர் மடத்தின் ஜன்னலைப் படம்பிடித்தவர். இன்று மிஞ்சியிருக்கும் மிகப் பழைய நெகட்டிவ் அது, தபால்தலை அளவுதான் இருக்கும். ஜேன் ஆஸ்டினின் 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' நாவலில் வரும் மெரிட்டன் என்ற ஊர் ஹெர்ட்ஃபோர்ட்ஷைரில் இருப்பதாக நாவல் சொல்கிறது. 1995 தொடரில் அது லாகாக், 2005 சினிமாவில் ஸ்டாம்ஃபோர்டு. பழைய இங்கிலாந்து என்று நம் மனதில் பதிந்திருப்பதெல்லாம் இப்படிப்பட்ட சில தெருக்கள்தான். புகையும் தறிச்சத்தமும் இருந்த ஊர்கள் அதில் இல்லை. எனக்கு அது ஆறவில்லை.

சரி, உங்கள் பயணம். லண்டனிலிருந்து ஸ்டாம்ஃபோர்டுக்குப் போக இன்றும் பீட்டர்பரோவில் இறங்கி வேறு ரயில் மாற வேண்டும். புனித ஜார்ஜ் சதுக்கத்தைப் பாருங்கள், தொடரில் பார்த்தது உடனே தெரியும். இன்னொரு நாள் கவென்ட்ரிக்கும் போங்கள், நேர் ரயில், ஏறத்தாழ ஒரு மணி நேரம். எரிந்த பேராலயத்துக்கு எதிரே புனித மேரி கில்டு மண்டபம் தப்பி நிற்கிறது. ஹெர்பர்ட் அருங்காட்சியகத்தில் பழைய பட்டு ரிப்பன்கள் வைத்திருக்கிறார்கள். அப்புறம் வடக்கே கால்வாய் ஓரம், எலியட் குடியிருந்த ஃபோல்ஷில் பக்கம், கேஷ் சகோதரர்கள் 1857இல் நெசவாளர்களுக்குக் கட்டிய வரிசை வீடுகள் உண்டு. எலியட் ஊரை விட்டுப் போன பிறகு கட்டியவைதான், ஆனாலும் பாருங்கள். கீழே இரண்டு மாடி குடித்தனம், மூன்றாம் மாடி தறி. நூறு வீடு கட்ட நினைத்து நாற்பத்தெட்டோடு நின்றுவிட்டார்கள். தெருவில் நின்று நிமிர்ந்து பார்த்தால் மேல்மாடியில் மட்டும் ஜன்னல்கள் பெரிது பெரிதாக இருக்கும், ரிப்பனில் நிறம் பார்க்க வெளிச்சம் வேண்டுமே, அதற்காக. மகளையும் கூட்டிப் போங்கள்.