ஆன்லைன் கோர்ஸ் தயாரிப்பு: கேள்வி-பதில்

கே: குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கிறது. விலை கூடிய மைக் வாங்கட்டுமா?

வேண்டாம், கோளாறு அறையில். வெற்றுச் சுவரும் வெறுந்தரையும் எதிரொலிக்கும். கனமான திரை போடுங்கள், தரையில் விரிப்பு விரியுங்கள். காலர் மைக் வாயிலிருந்து ஒரு சாண் கீழே இருக்கட்டும். பதிவின் ஒலியளவு மீட்டரில் சத்தம் உச்சத்தில் மைனஸ் 12 டெசிபலைத் தொட்டால் போதும். பத்து நொடி பதிந்து ஹெட்ஃபோனில் கேட்டுவிட்டு மீதியைப் பேசுங்கள்.

கே: படம் போனில், குரல் தனி ரெக்கார்டரில். இருபதாவது நிமிடத்தில் உதடும் குரலும் ஒட்டவில்லை.

பல போன்கள் ஃபிரேம் ரேட்டை (நொடிக்கு எத்தனை படம் என்பதை) இடையில் மாற்றிக்கொண்டே பதியும். ஹேண்ட்பிரேக் என்ற இலவச வீடியோ மென்பொருளில் கான்ஸ்டன்ட் (மாறாத) ஃபிரேம் ரேட்டுக்கு மாற்றியபின் எடிட் செய்யுங்கள். அதுசரி, ஒரே வீடியோ ஏன் இருபது நிமிடம்? ஆறேழு நிமிடமாக நறுக்குங்கள்.

கே: எக்செல் கோர்ஸ். 60 வீடியோ, 30 மணி நேரம். மூன்றாம் பாடத்துக்கு மேல் ஆளே இல்லை. எப்படி விளம்பரம் செய்வது?

சேர்ந்தவர்களே ஓடுகிறார்கள், விளம்பரம் எதற்கு? மணிக்கணக்கைப் பெருமையாக எழுதுகிறீர்கள். பயிற்சி எத்தனை என்று ஒரு வரி இல்லை. பார்த்துக்கொண்டே இருந்தால் கை பழகாது. முதலில் பயிற்சியை எழுதுங்கள், அதைச் செய்யத் தேவையானதை மட்டும் பதியுங்கள். விலுக்அப் (ஒரு பட்டியலில் உள்ளதை இன்னொன்றில் தேடி எடுக்கும் ஃபார்முலா) பாடமா? இரண்டு பட்டியல் கொண்ட ஃபைலைக் கொடுங்கள். ஒன்றில் சில பெயர்களுக்குப் பின்னால் ஒரு ஸ்பேஸ் வையுங்கள், சில எண்களை டெக்ஸ்டாக மாற்றுங்கள். ஃபார்முலா சரியாக இருந்தும் பிழை வரும். ஸ்பேஸை நீக்க ட்ரிம், டெக்ஸ்டை எண்ணாக்க வேல்யூ என்ற ஃபார்முலாக்களைப் போட்டு அவரே சரிசெய்யட்டும். அலுவலகத்தில் அவர் திணறப்போவதும் அங்கேதான். இப்படிச் செய்தால் 30 மணி நேரம் ஏழெட்டாகச் சுருங்கும். சுருங்கட்டும். முதல் பாடத்தைப் பத்துப் பேர் செய்து பார்க்காமல் இரண்டாவதைப் பதியாதீர்கள்.

கே: எந்தத் தளம் நல்லது?

என்ன பாடம், எத்தனை பேர், கட்டணமா இலவசமா, எதுவும் எழுதாமல் கேட்டால் எப்படி? சர்வர் பராமரிக்க ஆள் இருந்தால் மூடில் (Moodle) என்ற இலவச கோர்ஸ் மென்பொருள், இல்லையேல் மாத வாடகைத் தளம். மாணவர் பட்டியலையும் மதிப்பெண்ணையும் சிஎஸ்வியாக (எக்செலில் திறக்கும் எளிய பட்டியல் ஃபைலாக) இறக்க முடியாத தளத்தில் காலே வைக்காதீர்கள்.

கே: தானியங்கி சப்டைட்டில் போதுமா?

போதாது. எண்களும் கலைச்சொற்களும்தான் அதிகம் பிழைபடும். எஸ்ஆர்டி ஃபைலை (சப்டைட்டில் வரிகளும் நேரமும் உள்ள ஃபைல்) இறக்கித் திருத்தி ஏற்றுங்கள்.

கே: ஸ்லைடில் எழுத்து எவ்வளவு பெரிதாக இருக்கலாம்?

24 பாயின்ட்டுக்குக் குறையாமல். போனில் படிக்க முடிகிறதா என்று பாருங்கள்.

கே: மொத்தமாகப் பதிந்துவிட்டு ஆட்களைச் சேர்க்கலாமா?

கூடாது. முதல் பாடம், பத்துப் பேர், பிறகு மற்றது.