இரண்டு பேலட், ஒரு ஜோடி இமை: வாசகிகள் கேட்டவை

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை விலை கூடிய ஐஷேடோ பேலட்டை, அதாவது இமையில் பூசும் பல நிறப் பொடிகள் அடங்கிய டப்பாவைச் சுற்றியே இருந்தன. ஒரே மாதிரி கேட்டிருந்தவற்றை ஒன்றாக்கிவிட்டேன். முதல் பதில் கொஞ்சம் நீளம். மற்றவை அதிலிருந்து கிளைத்தவை என்பதால் அதைத் தாண்டிப் போய்விடாதீர்கள்.

கேள்வி: அக்கா, நடாஷா டெனோனாவின் 'கிளாம்', பாட் மெக்ராத் லேப்ஸின் 'மதர்ஷிப்' வரிசையில் வரும் 'பிரான்ஸ் செடக்‌ஷன்' இரண்டில் ஒன்றுதான் என்னால் வாங்க முடியும். இரண்டுமே பழுப்புதானே, எதை எடுக்கட்டும்?

பதில்: பழுப்பு என்ற பெயர்தான் பொது. கிளாமில் 15 நிறங்கள். பெரும்பாலும் குளிர்ச்சியான பழுப்பு: சாம்பல் ஏறியவை, லேசாக ஊதா ஓடுபவை. பிரான்ஸ் செடக்‌ஷனில் 10 நிறங்கள்தான். 'பிரான்ஸ்' (Bronze, வெண்கலம்) என்ற பெயருக்கு ஏற்ப, செம்பு, வெண்கலம், பொன் என்று சூடான பக்கம் சாய்ந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்தால், ஒன்று மழைக்கு முந்தைய வானம் மாதிரி அடங்கிக் கிடக்கும். இன்னொன்று தேய்த்துக் கவிழ்த்த செம்புப் பாத்திரம் மாதிரி கண்ணைக் கூப்பிடும். கடையில் இரண்டாவதுதான் ஜெயிக்கும். வீட்டுக்கு வந்த பிறகு எது ஜெயிக்கும் என்பது வேறு கதை.

நடாஷா டெனோனா, பாட் மெக்ராத் இரண்டு பேருமே மேக்கப் கலைஞர்கள். பாட் மெக்ராத் பல வருடங்கள் ஃபேஷன் மேடைகளுக்கு வேலை பார்த்துவிட்டு, 2015-இல் 'கோல்ட் 001' என்ற பொன்னிறப் பிக்மென்ட்டோடு, அதாவது நிறப்பொடியோடு, சொந்த பிராண்டைத் தொடங்கியவர். 2021-இல் பிரிட்டன் அவருக்கு, ஆண்களுக்கான 'சர்' பட்டத்துக்கு இணையான 'டேம்' பட்டம் கொடுத்தது. மேடை விளக்கில் பழகிய கை அது என்பது அவருடைய மின்னும் நிறங்களைத் தொட்டவுடனே தெரியும். விரலை வைத்தால் பொடி என்றே தோன்றாது. பாதி காய்ந்த களிமண் மாதிரி வழுக்கிக்கொண்டு வரும். இமையில் அழுத்தினால் தகடு ஒட்டியது போல உட்காரும். தலையைத் திருப்பினால் பொன்னாக இருந்தது சிவப்பாகும்.

ஆனால் அந்த நிறங்களை உலர்ந்த பிரஷ்ஷில் எடுத்துத் தேய்த்தால் பாதி கன்னத்தில் விழும். விரலால் அழுத்த வேண்டும், இல்லையென்றால் பிரஷ்ஷைக் கொஞ்சம் நனைத்துக்கொள்ள வேண்டும். காலையில் அவசரத்தில் கிளம்புகிறவர்களுக்கு இது ஒத்துவராது. கிளாம் அதற்கு நேர்மாறு. மேட், அதாவது மின்னாத நிறங்கள் ஒன்றோடு ஒன்று சண்டை போடாமல் கலக்கும். கை தவறி அதிகமாகப் போட்டாலும், சுத்தமான பிரஷ்ஷால் நாலு சுழற்று சுழற்றினால் சரியாகிவிடும். ஐந்து நிமிடத்தில் வெளியே போகலாம்.

என் தீர்ப்பு இதுதான்: வாரத்தில் நாலைந்து நாள் ஐஷேடோ போடுகிறவர், வேறு நல்ல பேலட் கிடையாது என்றால் கிளாம். மேட் பழுப்புகள் ஏற்கெனவே வீட்டில் இருக்கின்றன, விசேஷ நாளுக்கு ஒன்று வேண்டும் என்றால் பிரான்ஸ் செடக்‌ஷன். இதற்கு ஒரு பெரிய விதிவிலக்கு உண்டு. மூன்றாவது கேள்வியைப் படித்துவிட்டுப் பணத்தை எடுங்கள்.

கேள்வி: இவ்வளவு விலை எதற்கு? பாதி அந்தக் கனமான டப்பாவுக்குத்தானே?

பதில்: டப்பாவுக்கும் ஒரு பங்கு போகிறது, மறுக்கவில்லை. மதர்ஷிப் டப்பாவைக் கையில் வைத்தாலே அது புரியும். பயணத்துக்கு நான் அதை எடுத்துப் போவதே இல்லை.

மீதிப் பணம் எங்கே போகிறது என்பதைப் பொடியின் உள்ளே பார்க்க வேண்டும். மின்னும் நிறங்களின் அடிப்படை மைக்கா என்ற அபிரகம். அந்த மெல்லிய தகடுகளின் மேல் டைட்டானியம் டைஆக்சைடு பூசுகிறார்கள். பூச்சு மெல்லியதாக இருந்தால் வெள்ளி மினுக்கம். தடிமன் கூடக் கூட அது பொன், சிவப்பு, நீலம், பச்சை என்று மாறும். சாயமே சேர்க்காமல், ஒளி பட்டுத் திரும்பும் விதத்தால் மட்டும் வருகிற நிறம் இது. சோப்புக் குமிழியில் வானவில் தெரிகிற அதே சங்கதி. தகடு பெரிதாக இருந்தால் மினுக்கம் அதிகம், ஆனால் இமையில் நிற்காது. அதை ஒட்டவைக்கும் எண்ணெய், சிலிக்கோன் அளவைப் பிடிப்பதில்தான் சூட்சுமம். குறைந்தால் உதிரும், கூடினால் மடிப்பில் திரண்டு கோடாகும்.

அதனால்தான் நான் சொல்வேன், மின்னும் நிறத்துக்குக் காசு கொடுங்கள், மேட்டுக்குக் கொடுக்காதீர்கள். ஒரு சாதாரண பழுப்பு மேட்டை இன்றைக்கு நடுத்தர விலை பிராண்டுகளே நன்றாகச் செய்கின்றன. இன்னொரு விஷயம்: பல பிராண்டுகளுக்குச் சொந்தத் தொழிற்சாலையே கிடையாது. 1972-இல் தொடங்கிய இன்டர்காஸ் போன்ற இத்தாலிய நிறுவனங்கள்தான் பலருக்கும் பொடி தயாரித்துக் கொடுக்கின்றன. ஒரே தயாரிப்பாளரிடமிருந்து வந்தால் ஒரே சரக்கு என்று அர்த்தமில்லை. அவரவர் கேட்ட கலவை அவரவருக்கு. ஆனால் விலைதான் தரம் என்கிற மயக்கம் கொஞ்சம் தெளியும்.

கிராம் கணக்குப் போட்டு எழுதியிருந்த வாசகிக்கு: மேக் பிராண்டின் ஒற்றை ஐஷேடோ 1.5 கிராம்தான். அதையே அடித்தட்டு தெரியும்வரை தீர்த்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். தீராத பொருளுக்குக் கிராம் கணக்கு எதற்கு? எத்தனை முறை போடுவீர்கள் என்று பாருங்கள்.

கேள்வி: நான் நல்ல கறுப்பு. யூடியூபில் எல்லோரும் புகழ்கிற பேலட் எனக்குப் போட்டால் சாம்பல் பூசியது போல இருக்கிறது. தப்பு என்னிடமா, பேலட்டிடமா?

பதில்: பேலட்டிடம்தான். நான் சொன்ன விதிவிலக்கும் இதுதான்.

வெளிர் மேட் நிறங்களில் டைட்டானியம் டைஆக்சைடு, டால்க் போன்ற வெள்ளைப் பொடிகள் அதிகம். கறுத்த தோலில் அந்த வெள்ளை தனியாக எழுந்து நிற்கும். சாம்பல் கலந்த குளிர்ப் பழுப்பு இன்னும் மோசம்: வெளிர் தோலில் அழகான நிழலாகத் தெரிவது, உங்களுக்கு ஒன்று காணாமல் போகும் அல்லது வெளுத்துத் தெரியும். அதனால் முதல் பதிலில் தூக்கிப் பேசிய கிளாமை உங்களுக்குச் சொல்ல மாட்டேன். அதில் உள்ள நடுத்தரப் பழுப்புகளில் பல உங்கள் இமையில் வேலை செய்யாது. 15-இல் ஆறேழுதான் தேறும் என்றால் அது 15 நிறப் பேலட் இல்லை. உங்களுக்கு பிரான்ஸ் செடக்‌ஷனின் செம்பும் வெண்கலமும்தான். அந்த நிறங்கள் வெளிர் தோலில் துருப் பிடித்தது போல ஆவதும், கறுத்த தோலில் உள்ளிருந்து ஒளிர்வதும் நான் நிறையப் பார்த்தது.

கையில் இருப்பதை வீணாக்க வேண்டாம் என்றால் ஒரு வழி இருக்கிறது. ஐஷேடோவுக்கு அடியில் பூசும் பிரைமர் வெள்ளை நிறமாக இருந்தால் அதைத் தூக்கிப் போடுங்கள். உங்கள் நிறத்திலேயே, அல்லது ஒரு படி சிவந்த, கறையை மறைக்கப் பூசும் கன்சீலரை மெல்லிசாகத் தடவுங்கள். மடிப்பில் முதலில் செங்கல் நிறமோ ஆரஞ்சு கலந்த பழுப்போ போட்டு, அதன் மேல் மற்றதை ஏற்றுங்கள். அடியில் சூடு இருந்தால் மேலே சாம்பல் அடங்கும்.

கேள்வி: வீடியோவில் ஸ்வாட்ச் செய்யும்போது, அதாவது கையில் பூசிக் காட்டும்போது, கெட்டியாகத் தெரிகிற நிறம், எனக்கு ஏன் அப்படி வருவதில்லை?

பதில்: அவர் விரலால் நாலு முறை எடுத்து, முன்கையில் ஒரே இழுப்பாக இழுக்கிறார். நீங்கள் மென்மையான பிரஷ்ஷால் இமையில் பரப்புகிறீர்கள். முன்கை மடங்காது, கண் சிமிட்டாது, அங்கே எண்ணெய்ப் பசையும் குறைவு. ஸ்வாட்ச் நிறத்தைக் காட்டும், நடத்தையைக் காட்டாது. பார்ப்பதாக இருந்தால், போட்டு ஆறு மணி நேரம் கழித்துக் கண்ணை மூடிக் காட்டுகிற வீடியோவைப் பாருங்கள்.

கேள்வி: சில பேலட்டுகளில் 'பிரஸ்டு பிக்மென்ட்' என்றும், கண்ணைச் சுற்றிப் போட வேண்டாம் என்றும் பொடி எழுத்தில் இருக்கிறதே? ஐஷேடோவைக் கண்ணில் போடாமல் எங்கே போடுவது?

பதில்: சிரிப்பு வந்தாலும் நியாயமான கேள்வி. அமெரிக்காவில் கண் பகுதிக்கு எந்தெந்தச் சாயத்தைப் பயன்படுத்தலாம் என்று அந்நாட்டு உணவு, மருந்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்டிஏ பட்டியல் வைத்திருக்கிறது. பளீரென்ற சில இளஞ்சிவப்பு, சிவப்பு, நியான் சாயங்கள் அதில் இல்லை. அவற்றைச் சேர்த்தால் ஐஷேடோ என்ற பெயரில் விற்க முடியாது, அதனால் இந்தப் பெயர். அதே சாயத்தை வேறு சில நாடுகள் அனுமதிப்பதும் உண்டு. சிலருக்கு இமை எரியும், சிலருக்குக் கழுவிய பிறகும் இளஞ்சிவப்புக் கறை நிற்கும். தோல் சீக்கிரம் சிவக்கிறவர் என்றால் தவிர்த்துவிடுங்கள்.

இதோடு சேர்த்து ஒன்று: சைவமாக இருப்பதால் கேட்கிறேன் என்று எழுதியவருக்கு, சிவப்பு, ஊதா நிறங்களில் கார்மைன் இருக்கிறதா என்று பாருங்கள். அது கோச்சினீல் என்ற பூச்சியிலிருந்து எடுப்பது. பொருட்பட்டியலில் 75470 என்ற எண்ணாகவும் இருக்கும்.

கேள்வி: ஆறு வருடப் பழைய பேலட். மேலே கெட்டியாகி நிறமே வரவில்லை. காலாவதியா?

பதில்: கெட்டியானதற்குக் காரணம் பெரும்பாலும் வயது இல்லை, விரலிலும் பிரஷ்ஷிலும் இருந்து இறங்கிய எண்ணெய். பொடியின் மேல் அது பளபளவென்று ஒரு படலமாகிவிடும். செல்லோடேப்பை லேசாக ஒட்டி எடுங்கள். அடியில் பழைய நிறம் இருக்கும்.

டப்பாவின் பின்னால் திறந்த ஜாடிப் படத்துக்குள் 12 அல்லது 24 என்று போட்டிருப்பது, திறந்த பிறகு எத்தனை மாதம் என்ற கணக்கு. பொடியில் தண்ணீர் கிடையாது என்பதால் மஸ்காரா மாதிரி மூன்று, ஆறு மாதத்தில் தூக்கிப் போட வேண்டியதில்லை. ஆனால் வாடை மாறியிருந்தாலோ, போட்டால் கண் அரித்தாலோ பாசம் பார்க்காதீர்கள். கண் நோய் வந்தபோது தொட்டதும் குப்பைக்குத்தான்.

கேள்வி: இதே நிறங்களில் மலிவாக 'டியூப்' (dupe), அதாவது வேறு பிராண்டின் ஒத்த பேலட் கிடைக்கிறது. அதை வாங்கினால் போதாதா?

பதில்: மேட் என்றால் போதும். சாதாரணமாக மின்னும் ஷிம்மர் என்றால் முக்கால்வாசி போதும். நிறம் மாறும் டியோக்ரோம் என்றால் போதாது. டியூப் வேறு, போலி வேறு என்பதை மட்டும் மறக்காதீர்கள். அதே பெயர், அதே டப்பா, நம்ப முடியாத விலை என்றால் அது போலி. உள்ளே என்ன இருக்கிறதென்று யாருக்கும் தெரியாத பொடியைக் கண்ணுக்கு அரை அங்குலம் தள்ளிப் பூச வேண்டுமா?

கேள்வி: எனக்கு 58 வயது. இமை சுருங்கிவிட்டது. மின்னும் நிறம் போடலாமா?

பதில்: தாராளமாக. பெரிய மினுக்குத் துகள் வேண்டாம், அது ஒவ்வொரு சுருக்கத்தையும் எண்ணிக் காட்டும். பட்டுத் துணி போன்ற மெல்லிய பளபளப்பை இமையின் நடுவில் மட்டும் விரலால் வையுங்கள். மடிப்பில் மேட். கிளாமின் மிதமான நிறங்கள் இதற்கு வசதி.

கேள்வி: புதுப் பேலட் கை தவறி விழுந்து ஒரு நிறம் பொடிப்பொடியாகிவிட்டது. அழுகையே வந்துவிட்டது. காப்பாற்ற முடியுமா?

பதில்: மேட் அல்லது சாதாரண ஷிம்மர் என்றால் முடியும். மற்ற நிறங்களை டேப்பால் மூடிவிட்டு, உடைந்ததை ஒரு குச்சியால் நன்றாகப் பொடியாக்குங்கள். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குழையுங்கள். மெல்லிய துணியை மேலே வைத்து, நாணயத்தால் அழுத்தி, ஈரத்தை உறிஞ்ச விட்டு, ஒரு நாள் முழுக்கத் திறந்தே காய வையுங்கள். நெருப்புப் பக்கத்தில் செய்யாதீர்கள்.

டியோக்ரோமில் இதைச் செய்தால் பாதி ஜாலம் போய்விடும். எனக்குத் தெரிந்தது எப்படி என்கிறீர்களா? என் மதர்ஷிப் ஒருமுறை மேசையிலிருந்து விழுந்தது. ஆல்கஹால் விட்டு அழுத்தியதில், நிறம் மாறி மாறி மின்னியது ஒரு சாதாரணப் பொன்னாகிவிட்டது. இப்போதெல்லாம் டியோக்ரோம் உடைந்தால் குழைப்பதில்லை. சின்ன டப்பாவில் பொடியாகவே கொட்டிவைத்து, விரலில் கொஞ்சம் பிரைமர் தொட்டு எடுத்துக்கொள்கிறேன். அது முன்பைவிடவே நன்றாக மின்னுகிறது.