ஓட்டுநர் கிளம்பும் முன் பாருங்கள்

நகராட்சிக் குப்பைக் கிடங்கு ஒன்றின் மேற்பார்வையாளர் கேட்டிருக்கிறார்: “தினமும் 40 லோடு வருகிறது. மருத்துவமனைக் கழிவோ ரசாயனமோ கலந்திருந்தால் எப்படிப் பிடிப்பது? எல்லா வண்டியையும் சோதிக்க ஆள் இல்லை. சந்தேகம் வந்தால் வண்டியைத் திருப்பி அனுப்பிவிடலாமா?”

எல்லா வண்டியையும் சோதிக்கத் தேவையில்லை. நாள்தோறும் சில வண்டிகளை, எது என்று முன்கூட்டியே யாருக்கும் தெரியாதபடி, தேர்ந்தெடுங்கள். தனியார் ஒப்பந்த வண்டிகளும் தொழிற்பேட்டைப் பக்கமிருந்து வருபவையும் அதில் கூடுதலாக இருக்கட்டும். குப்பையை அழுத்தி ஏற்றிவரும் காம்பாக்டர் வண்டியை மேலிருந்து பார்த்துப் பயனில்லை. குப்பை மேட்டில் கொட்ட விடாமல், ஒதுக்குப்புறமான சிமென்ட் தளத்தில் கொட்டச் செய்து, முழங்கால் உயரத்துக்கு மேல் போகாதபடி பரப்பிப் பார்க்க வேண்டும். அதுவரை ஓட்டுநர் அங்கேயே நிற்க வேண்டும். மேட்டோடு கலந்துவிட்டால் அது யாருடைய குப்பை என்று எவராலும் நிறுவ முடியாது.

மருத்துவக் கழிவுக்கான மஞ்சள், சிவப்புப் பைகள், சலைன் குழாய்கள், லேபிள் சுரண்டப்பட்ட டிரம்கள், புகை, தின்னர் போன்ற கரைப்பான் நெடி ஆகியவை தென்பட்டால் உடனே வேலையை நிறுத்துங்கள். பையைப் பிரிக்காதீர்கள், முகர்ந்தும் பார்க்காதீர்கள். வீட்டுக் குப்பையில் ஓரிரு இன்சுலின் ஊசிகள் வருவது வேறு, பை நிறைய வருவது வேறு. 2016ஆம் ஆண்டின் மருத்துவக் கழிவு விதிகளின்படி மருத்துவமனைப் பைகளில் பார்கோடு இருக்க வேண்டும் என்பதால், முதலில் அதைப் படம் எடுங்கள். பார்கோடு இல்லாவிட்டாலும் தாள்கள் பேசும்: 2024 டிசம்பரில் திருநெல்வேலி மாவட்டம் நடுக்கல்லூர்ப் பகுதியில் கொட்டப்பட்ட கழிவு திருவனந்தபுரத்து மருத்துவமனைகளுடையது என்று காட்டிக்கொடுத்தவை அதில் கிடந்த ஆவணங்கள்தாம், பசுமைத் தீர்ப்பாயத்தின் உத்தரவுக்குப் பின் கேரளம் அதை லாரிகளில் திரும்ப எடுத்துச் சென்றது.

திருப்பி அனுப்புவதை நான் ஏற்க மாட்டேன். அந்த வண்டி அடுத்த ஏரிக்கரையில் கொட்டிவிட்டுப் போகும். வண்டி எண், எடைச்சீட்டு, படம் ஆகியவற்றைப் பதிவேட்டில் ஏற்றி, சுகாதார ஆய்வாளருக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்கும் தெரிவித்து, அங்கீகரிக்கப்பட்ட சுத்திகரிப்பு நிலையத்தின் வண்டி வரும்வரை அந்த இடத்தைக் கயிறு கட்டி அடைத்து வையுங்கள்.

பரப்பிப் பார்க்கும் தூய்மைப் பணியாளருக்குக் கனத்த கையுறையும் பூட்ஸும் தராமல் இந்த வேலையைத் தொடங்கவே கூடாது. அதையும் மீறி ஊசி குத்தினால், காயத்தைப் பிதுக்காமல் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு கழுவி, உடனே அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள், எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை இயன்றால் 2 மணி நேரத்துக்குள், எப்படியும் 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும்.