பாதியில் நின்ற ஷட்டர்: மோட்டர் வாங்குவதற்கு முன்

ஹட்டனிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "என் விட்ஸ் காரின் முன் இடது கதவின் ஷட்டர் கண்ணாடி பாதியில் நின்றுவிட்டது. சாரதி பக்கத்து சுவிட்சை அழுத்தினாலும் அசையவில்லை. மற்ற மூன்றும் ஓடுகின்றன. மோட்டர் போய்விட்டது, வேறு போட வேண்டும் என்கிறார்கள். உண்மையா?"

இருக்கலாம். ஆனால் யாராவது சோதித்துப் பார்க்காமல் அப்படிச் சொன்னால், உடனே சம்மதிக்காதீர்கள். மலையகத்து மழைக்கும் பனிக்கும் மோட்டரை விட சுவிட்சையும் வயரையும்தான் நான் முதலில் சந்தேகப்படுவேன்.

எஞ்சினை நிறுத்திவிட்டு, சாவியை மட்டும் ஓன் செய்து சுவிட்சை அழுத்துங்கள். கதவுக்குள் 'விர்ர்' என்று சத்தம் கேட்டும் கண்ணாடி நகராவிட்டால் மோட்டர் ஓடுகிறது. கண்ணாடியைத் தூக்கும் ரெகுலேட்டர்தான் உடைந்திருக்கும். சத்தமே இல்லையா? இரவில் உள்விளக்கைப் போட்டுவிட்டு மறுபடி அழுத்துங்கள். விளக்கு லேசாக மங்கினால் மோட்டர் வரை கரண்ட் போகிறது, மோட்டரோ கண்ணாடியோ இறுகிக் கிடக்கிறது. மங்கவே இல்லையென்றால் பியூஸ், சுவிட்ச், வயர், மோட்டருக்குள் கரண்டைக் கடத்தும் கரித்துண்டான பிரஷ், இவற்றில் ஒன்று.

பியூஸ் பார்ப்பது சுலபம். சில கார்களில் ஒவ்வொரு கதவுக்கும் தனி பியூஸ் உண்டு. அடுத்தது வயர். கதவுக்கும் காரின் பொடிக்கும் (உடற்பகுதிக்கும்) நடுவில் ஒரு ரப்பர் குழாய் தெரியும். கதவைத் திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் அதற்குள் இருக்கும் வயர்கள் மடங்குகின்றன. வெளியுறை நன்றாகவே இருக்கும், உள்ளே செம்பு அறுந்திருக்கும். ஒருவர் சுவிட்சை அழுத்திப் பிடித்திருக்க, நீங்கள் கதவை மெதுவாக ஆட்டுங்கள். கண்ணாடி திடீரென்று துள்ளினால் கோளாறு அங்கேதான். அப்புறம், சாரதி கதவிலுள்ள சுவிட்ச் வரிசையைக் கழற்றிப் பாருங்கள். ஷட்டரை இறக்கி வைக்கும்போது சாரல் அதற்குள்தான் இறங்கும். பித்தளைப் பட்டைகளில் பச்சைப் பூப்பு இருந்தால் கொன்டாக்ட் கிளீனர் அடித்துத் துடையுங்கள். பல கார்களில் இடது கதவு மோட்டருக்கான கரண்ட் இந்த சுவிட்ச் வழியாகத்தான் போகிறது.

சுவிட்சை அழுத்தியபடி கதவின் உட்பக்கப் பலகையைத் தட்டும்போது ஷட்டர் ஓடினால் பிரஷ் தேய்ந்திருக்கிறது. அப்போது மோட்டர் மாற்றத்தான் வேண்டும். கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் பழையது தேடுவதானால் கழற்றியதைக் கையோடு கொண்டு போங்கள். இடது, வலது மாறினால் பொருந்தாது.

அதுவரை மழைக்கு ஷட்டரை மூட, ஒருவர் மேலே போகும் சுவிட்சை அழுத்த, நீங்கள் கண்ணாடியின் இரு பக்கமும் உள்ளங்கையை வைத்து மேலே இழுங்கள். விரல் சிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வேலை முடிந்து கதவின் உட்பக்கப் பலகையைத் திரும்பப் பூட்டுமுன் இரண்டைக் கவனியுங்கள். கதவின் அடியிலுள்ள சிறு துளைகளில் சேறு அடைத்திருந்தால் ஒரு கம்பியால் குத்தி விடுங்கள், இல்லாவிட்டால் தண்ணீர் உள்ளே தேங்கும். உள்ளே ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளைக் கிழித்துப் போடாமல் பழையபடி ஒட்டச் சொல்லுங்கள்.