மழை விட்டபின் ஏறிய வெள்ளம்: வீட்டு ஆயத்தம் பற்றிக் கேள்வி பதில்

நான் கொழும்பை அடுத்த கொலன்னாவையில் குடியிருக்கிறேன். வீடுகளுக்கு வயரிங் செய்வது என் தொழில். 2016 மே மாதத்திலும், 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் அடித்தபோதும் களனி கங்கை எங்கள் முன்னறைக்குள் வந்தது. முதல் முறை இழந்ததில் கால்வாசிகூட இரண்டாம் முறை இழக்கவில்லை. என்ன செய்தீர்கள் என்று பலர் கேட்டார்கள். அந்தக் கேள்விகளைச் சுருக்கிப் பதில் எழுதியிருக்கிறேன். உடல்நலம் பற்றிய பதில்கள் தாதியாக வேலை செய்து ஓய்வு பெற்ற என் மனைவி சொன்னவை.

கேள்வி (வெல்லம்பிட்டி, ஒரு தாய்): அண்ணா, எங்கள் பக்கம் மழை விட்டுவிட்டது. ஆபத்து நீங்கிவிட்டது என்று நிம்மதியாகப் படுத்தோம். விடியும் முன் கட்டிலுக்குக் கீழே தண்ணீர். இது எப்படி?

தங்கச்சி, இந்தக் கேள்வியில்தான் பாதிப் பாடம் இருக்கிறது. நம்மை மூழ்கடிப்பது கொழும்பில் பெய்யும் மழை மட்டுமல்ல. நோர்ட்டன் பிரிட்ஜ், கித்துல்கல பக்கத்து மலைகளில் பெய்த மழை ஹங்வெல்ல, கடுவலை வழியாக நம்மிடம் வந்து சேர நேரம் எடுக்கும். இங்கே வானம் வெளுத்திருக்கும்போது ஆறு ஏறிக்கொண்டிருக்கும். ஆகவே வானத்தைப் பார்க்காதீர்கள், ஆற்றைப் பாருங்கள். நீர்ப்பாசனத் திணைக்களம் ஹங்வெல்லவிலும் கொழும்பு நாகலகம் வீதியிலும் உள்ள அளவுகோல்களின் நீர்மட்டத்தை வெளியிடுகிறது. ஹங்வெல்லவில் மட்டம் ஏறிக்கொண்டே போனால் நமக்குக் கையில் சில மணி நேரம் இருக்கிறது என்று பொருள். அந்தச் சில மணி நேரம்தான் நம் சொத்து.

2016இல் அந்த நேரத்தை நாங்கள் பேசிப் பேசியே வீணாக்கினோம். "இன்னும் கொஞ்சம் பார்ப்போம்" என்று நான் சொன்னேன். அப்பாவும் அதையே சொன்னார். கடைசியில் அவரை இடுப்பளவு தண்ணீரில் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போனோம். அதன் பிறகு வீட்டில் மூன்று குறிகள் வைத்தோம். ஒழுங்கை முனை மதகின் வாய் மூடினால் மோட்டார் சைக்கிளையும் முச்சக்கரவண்டியையும் மேட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். தண்ணீர் கேற்றைத் தொட்டால் மின்சாரத்தையும் காஸையும் நிறுத்திப் பொருள்களை உயர்த்த வேண்டும். முதல் படியைத் தொட்டால் எல்லோரும் வெளியேற வேண்டும். அந்த நேரத்தில் விவாதம் கிடையாது. டிட்வாவின்போது முதல் படி நனைந்தது பின்னிரவில். பத்து நிமிடத்தில் கதவைப் பூட்டிவிட்டு நடந்தோம். முழங்கால்கூட நனையவில்லை.

கேள்வி (கொலன்னாவை): மெயின் சுவிட்சை எப்போது நிறுத்துவது? வெள்ளம் வடிந்ததும் போடலாமா?

என் தொழில் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். வீட்டுக்குள் தண்ணீர் வரும் முன்பே, காய்ந்த தரையில் நின்றுகொண்டு நிறுத்துங்கள். தண்ணீர் ஏற்கெனவே உள்ளே வந்திருந்தால் சுவிட்ச் பலகையை நெருங்கவே வேண்டாம். மின்சார அவசர எண்ணான 1987க்கு அழைத்து வெளியிலிருந்து இணைப்பைத் துண்டிக்கச் சொல்லுங்கள். கூரையில் சூரியப் பலகை உள்ளவர்கள் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். மெயின் சுவிட்ச் நின்றாலும் பகல் வெளிச்சத்தில் பலகையிலிருந்து இறங்கும் வயரில் மின்சாரம் இருக்கும். அதற்குத் தனிச் சுவிட்ச் உண்டு. அது எங்கே இருக்கிறது என்று பொருத்தியவரிடம் இன்றே கேட்டு வையுங்கள்.

வடிந்ததும் போடவே கூடாது. டிட்வாவுக்குப் பிறகு ஒரு வீட்டில் சுவரிலிருந்த பிளக் பொயின்ட் ஒன்றைக் கழற்றினேன். சுவர் காய்ந்து, வெள்ளை நிறம் திரும்பியிருந்தது. பெட்டிக்குள்ளே மட்டும் வடிகட்டிய கோப்பி மண்டி போல ஈரச் சேறு அடைந்திருந்தது. நடுவில் ஒரு மண்புழு. அந்த வீட்டார் மறுநாள் மின்சாரம் போடுவதாக இருந்தார்கள். நனைந்த பெட்டிகளையெல்லாம் திறந்து, கழுவி, உலரவிட்டு, வயரின் காப்பு நன்றாக இருக்கிறதா என்று மின்பணியாளர் ஒருவர் கருவி வைத்துச் சோதித்த பிறகே போட வேண்டும். நனைந்த சுவிட்ச், மின்கசிவு வந்தால் தானாக மின்சாரத்தை நிறுத்தும் ட்ரிப் சுவிட்ச் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். உயிரோடு ஒப்பிட்டால் அது சிறிய செலவு.

மீண்டும் சுவரை உடைத்து வேலை செய்வதென்றால், கீழ்மாடிப் பிளக் பொயின்ட்களை நெஞ்சு உயரத்துக்கு ஏற்றுங்கள். மேல்மாடி இருந்தால் அதன் வயரிங்கைத் தனியாகப் பிரியுங்கள். கீழே நனைந்து கிடந்தாலும், மின்பணியாளர் சோதித்த பின் மேலே ஒரு விளக்கும் தொலைபேசிச் சார்ஜரும் இயங்கும். ட்ரிப் சுவிட்சில் ஒரு சிறிய சோதனைப் பொத்தான் இருக்கும். அதை மாதம் ஒரு முறை அழுத்திப் பாருங்கள். மின்சாரம் நிற்காவிட்டால் அந்தச் சுவிட்ச் உங்களைக் காப்பாற்றாது.

கேள்வி (வெள்ளவத்தை, ஏழாம் மாடி): எங்களுக்கு வெள்ளமே வராது. நாங்களும் ஆயத்தமாக வேண்டுமா?

வெள்ளம் வராது, தண்ணீரும் வராமல் போகலாம். மின்சாரம் நின்றால் நீரேற்றும் பம்பும் நிற்கும், லிஃப்டும் நிற்கும். கொழும்பின் குழாய் நீரில் பெரும்பங்கு அம்பத்தலையில் களனி நீரைச் சுத்திகரித்து வருவது. ஆற்றங்கரை நிலையத்துக்கே வெள்ளம் நெருங்கினால் உங்கள் ஏழாம் மாடிக் குழாயும் அதை உணரும். ஒருவருக்கு நாளொன்றுக்குக் குடிக்கவும் சமைக்கவும் 4 லீற்றர் என்று வைத்தால், நான்கு பேருக்கு மூன்று நாளைக்கு 48 லீற்றர். கழிவறைக்கு வேறாக வாளிகளில் நிரப்புங்கள். உங்கள் மாடியில் தனியாக இருக்கும் முதியவர் யார், யாருக்கு ஒட்சிசன் இயந்திரம் தேவை என்று இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். ஜெனரேட்டரைப் பல்கனியிலோ மூடிய வாகனத் தரிப்பிடத்திலோ ஓட்ட வேண்டாம். அதன் புகையிலுள்ள காபன் மொனொக்சைட்டுக்கு வாசனை இல்லை. தூக்கத்திலேயே உயிரைக் கொண்டுபோய்விடும்.

கேள்வி (கிராண்ட்பாஸ்): பிறப்புச் சான்றிதழ்களை லெமினேட் செய்து வைத்திருந்தோம். அப்படியும் அழிந்துவிட்டன. வேறு என்ன வழி?

இந்தக் கேள்வி எனக்கு வலிக்கிறது, ஏனென்றால் எங்களுக்கும் இதுதான் நடந்தது. லெமினேட் ஓரத்தில் ஒரு நூலளவு பிரிந்திருந்தாலும் தண்ணீர் உள்ளே போய்விடும், வெளியே வராது. அம்மாவின் பிறப்புச் சான்றிதழில் மை கரைந்து, அவருடைய பெயர் இருந்த இடத்தில் நீலக் கறை மட்டும் மிஞ்சியது. தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு கடதாசி இல்லாமற் போனால் என்ன அலைச்சல் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

இப்போது நாங்கள் செய்வது இது. அடையாள அட்டைப் பிரதிகள், பிறப்பு, திருமணச் சான்றிதழ்கள், காணி உறுதி, வங்கிப் புத்தகம், கிளினிக் கொப்பி எல்லாம் இரண்டு தடித்த பொலித்தீன் பைகளுக்குள், அவை இறுக்கி மூடும் பிளாஸ்டிக் வாளிக்குள். வாளி அலுமாரியின் மேல் தட்டில். ஒவ்வொன்றையும் படமெடுத்து வெளிநாட்டிலுள்ள மகளுக்கும் அனுப்பியிருக்கிறோம்.

நனைந்த கடதாசியை வெயிலில் போடாதீர்கள், சுருங்கி ஒட்டிக்கொள்ளும். நிழலில், மின்விசிறிக் காற்றில், இடையிடையே வெள்ளைத் தாள் வைத்து உலர்த்துங்கள். நிறைய இருந்து ஒரே நாளில் முடியாவிட்டால், பொலித்தீனில் சுற்றி யாராவது வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் உறைபனித் தட்டில் வையுங்கள். பூஞ்சை பிடிக்காது. பிறகு ஆறுதலாக ஒவ்வொன்றாகப் பிரிக்கலாம். அழிந்தே போனவற்றுக்குப் பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி எடுத்துக்கொண்டு கிராம சேவகரிடம் தொடங்குங்கள். பிறப்புச் சான்றிதழின் பிரதியைப் பிரதேச செயலகத்தில் பெறலாம். உறுதியின் பதிவு காணிப் பதிவகத்தில் இருக்கும்.

கேள்வி (மட்டக்குளி, ஒரு மாணவி): அவசரப் பையில் என்ன வைக்க வேண்டும், அக்காவிடம் கேட்டுச் சொல்லுங்கள்.

மனைவி சொல்லச் சொல்ல எழுதுகிறேன். ஒரு வாரத்துக்குரிய மருந்து, டோர்ச், பவர் பேங்க், பற்றரி வானொலி, விசில், ஒரு மாற்றுடை, சாரம் ஒன்று, சவர்க்காரம், வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் குடிக்கும் ஜீவனி பைக்கற், சில்லறைக் காசு. சானிட்டரி நாப்கினைக் கட்டாயம் வையுங்கள். பாதுகாப்பு நிலையமாக மாறிய பாடசாலையில் இளம் பெண்கள் அதைக் கேட்கக் கூச்சப்பட்டு நின்றதை அவள் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். உணவென்றால் சமைக்கத் தேவையில்லாதவை: பிஸ்கட், பேரீச்சம்பழம், கச்சான், ஊறவைத்தால் போதுமான அவல். டின் மீன் வைத்தால் திறப்பானும் வேண்டும்.

கேள்வி (கொட்டாஞ்சேனை): அண்ணா, நான் இங்கே கடையில் வேலை செய்கிறேன். அம்மா மலைநாட்டில், பதுளையில் தேயிலைத் தோட்டத்து லயன் வரிசை வீட்டில் இருக்கிறார். புயலின்போது நாள்கணக்கில் தொலைபேசி வேலை செய்யவில்லை. பைத்தியம் பிடித்தது போல இருந்தது.

தம்பி, உங்களைப் போல எத்தனை பேர் அந்த நாள்களில் கடை வாசலில் தொலைபேசியைப் பார்த்தபடி நின்றார்கள் என்று கண்டேன். டிட்வாவில் 600க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அவர்களில் பலரை மண்சரிவுதான் கொண்டுபோனது. கொழும்பு வெள்ளம் நேரம் தரும், மலை தராது. அதனால் அம்மாவுக்கான முடிவு மழைக்கு முன்பே எடுக்கப்பட்டிருக்க வேண்டும்.

தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மூன்று நிறங்களில் மண்சரிவு எச்சரிக்கை விடுகிறது. மஞ்சள் என்றால் விழிப்பாக இருக்க வேண்டும். செம்மஞ்சள் என்றால் போக ஆயத்தமாக வேண்டும். சிவப்பு என்றால் உடனே வெளியேற வேண்டும். அம்மா சிவப்புக்காகக் காத்திருக்க வேண்டாம். செம்மஞ்சள் வந்ததும், வெளிச்சம் இருக்கும்போதே, பாதுகாப்பான இடமென்று ஊரில் உறுதிசெய்யப்பட்ட பாடசாலைக்கோ கோயிலுக்கோ போய்விடட்டும். லயனுக்கு மேலேயுள்ள சரிவில் புதிய வெடிப்பு, சாய்ந்த மரம், கதவு திடீரென இறுகுதல், ஊற்று நீர் கலங்குதல் அல்லது சட்டென நின்றுபோதல் ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் எந்த நிறத்துக்கும் காத்திருக்கக் கூடாது.

தொடர்புக்கு, மலைக்கு வெளியே உள்ள ஒரு உறவினரை இரு பக்கத்துக்கும் பொதுவானவராக வைத்துக்கொள்ளுங்கள். அழைப்பு போகாத நேரத்திலும் குறுஞ்செய்தி சில வேளை போகும். "கோயிலில் இருக்கிறேன்" என்ற இரண்டு சொல் போதும்.

கேள்வி (தெஹிவளை): எச்சரிக்கைகள் சிங்களத்தில் வந்தால் என் அம்மாவுக்குப் புரியாது. என்ன செய்வது?

தமிழில் உடனுக்குடன் பெறுவது நம் உரிமை, அதைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஆனால் தண்ணீர் மொழிபெயர்ப்புக்குக் காத்திருக்காது. எங்கள் ஒழுங்கைக்கு வந்த முதல் அறிவிப்பு சிங்களத்தில்தான் இருந்தது. பக்கத்து வீட்டுச் சிங்கள அக்கா மதிலுக்கு மேலே எட்டி நின்று வரிவரியாக வாசித்துச் சொன்னார். அப்படி ஒருவரை இப்போதே பழக்கப்படுத்திக்கொள்ளுங்கள். கங்வதுர என்றால் வெள்ளம், நாயயாம என்றால் மண்சரிவு, ரது என்றால் சிவப்பு. இந்த மூன்று சொற்களையாவது அம்மாவுக்குச் சொல்லிக்கொடுங்கள். சந்தேகம் வந்தால் இடர் முகாமைத்துவ மத்திய நிலையத்தின் 117க்கு அழையுங்கள். அம்புலன்சுக்கு 1990.

கேள்வி (முகத்துவாரம்): வெள்ளத்தில் நின்று வீடு கழுவினேன். இப்போது காய்ச்சல். பனடோல் போதுமா?

போதாது, ஐயா. இன்றே வைத்தியரிடம் போங்கள், வெள்ளத்தில் நின்றதைத் தவறாமல் சொல்லுங்கள். காய்ச்சலோடு கெண்டைக்கால் தசை வலியும், கண் சிவத்தலும், சிறுநீர் குறைதலும் இருந்தால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம். பிந்தினால் சிறுநீரகத்தைத் தாக்கும். டெங்கு இல்லை என்று தெரியும்வரை அஸ்பிரின், இபுபுரூஃபன் வேண்டாம். இனிமேல் சேற்றில் இறங்க வேண்டியிருந்தால் முன்கூட்டியே சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்தில் தடுப்பு மாத்திரை பற்றிக் கேளுங்கள். காலில் காயம் இருந்தால் பூட்ஸ் இல்லாமல் இறங்கவே கூடாது.

கேள்வி: கிணறு மூழ்கியது. கொதிக்க வைத்துக் குடிக்கலாமா?

முதலில் இறைத்து, பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கொண்டு குளோரின் இடுவியுங்கள். அதற்குப் பிறகும் சில காலம் நன்றாகக் கொதிக்க வைத்தே குடியுங்கள். எரிபொருளோ பூச்சிமருந்தோ கலந்த வாடை வந்தால் கொதிக்க வைத்தும் பயனில்லை.

கேள்வி: இன்சுலின்? மின்சாரம் இரண்டு நாள் இல்லை.

பாவனையிலுள்ள போத்தல் சாதாரண அறை வெப்பத்தில், அதாவது 30 பாகைக்கு மேல் போகாமல் இருந்தால், பெரும்பாலும் நான்கு வாரம் வரை தாங்கும். உங்கள் வகைக்கு எத்தனை நாள் என்று மருந்தாளரிடம் உறுதிசெய்யுங்கள். ஈர மணலில் பதித்த மண்முட்டிக்குள், தண்ணீர் படாமல் வையுங்கள். பனிக்கட்டியோடு நேரே சேர்த்து வைக்க வேண்டாம், உறைந்தால் வீசத்தான் வேண்டும்.

கேள்வி: நாயை என்ன செய்வது?

கூட்டிக்கொண்டு போங்கள். முடியவே இல்லையென்றால் சங்கிலியைக் கழற்றிவிட்டுப் போங்கள்.

கேள்வி (வெல்லம்பிட்டி): மாமா, என் மகளுக்கு ஒன்பது வயது. மழை தூறினாலே அழுகிறாள், தூங்குவதில்லை.

அவளிடம் "ஒன்றும் நடக்காது" என்று சொல்லாதீர்கள். நடந்ததை அவள் கண்ணால் பார்த்தவள். ஒரு வேலை கொடுங்கள். என் பேத்தியும் அப்படித்தான் இருந்தாள். இப்போது டோர்ச்சைச் சரிபார்ப்பது அவள் பொறுப்பு. மழை நாளில் நாகலகம் வீதி நீர்மட்டத்தை என் தொலைபேசியில் பார்த்து, பழைய பயிற்சிக் கொப்பியில் நேரத்தோடு எழுதி வைக்கிறாள். போன வாரம் இரவு பெரிய மழை. எழுந்து வந்து கொப்பியைப் பார்த்தாள், "தாத்தா, இறங்கிக்கொண்டிருக்கிறது" என்றாள், போய்ப் படுத்துவிட்டாள்.