ஸ்கொயர் நடனக் கழகத்தில் சேர முன்பணம் கொடுக்கலாமா?

கேள்வி: வேலை நிமித்தம் மாசசூசெட்ஸில் இருக்கிறேன். கிரீன்ஃபீல்டில், இரண்டு நீண்ட வரிசைகளில் எதிரெதிரே நின்று ஆடும் கான்ட்ரா நடனத்துக்குத் தனியாகப் போய் ஆடிவருகிறேன். நான்கு ஜோடிகள் சதுரமாக நின்று ஆடும் ஸ்கொயர் நடனத்துக்கான கழகம் ஒன்றில் கேட்டால், சேருவதற்குப் பல மாத வகுப்பு என்கிறார்கள். அறிமுகமான ஒருவர், உடை, காலணி, ஜோடி எல்லாவற்றையும் தானே ஏற்பாடு செய்வதாகச் சொல்லி முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: ஒரு டாலர்கூடக் கொடுக்காதீர்கள். கழகத்தில் சேர இடையில் ஆள் எதற்கு? நேரில் போய்ப் பேசுங்கள். விரிந்த பாவாடையும் கௌபாய் சட்டையும் முன்பு கட்டாயமாக இருந்தன. இன்று பல கழகங்களில் அன்றாட உடையே போதும். வகுப்பு முடியும் முன்னரே உடை வாங்கிவிட்டுப் பாதியில் நின்றவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். தரையைக் கீறாத, மெல்லிய அடிப்பாகம் கொண்ட காலணி இருந்தால் இரண்டு நடனங்களுக்கும் அதுவே போதும்.

ஆனால் கழகம் சொல்லும் பல மாத வகுப்பு ஏமாற்று அல்ல. கான்ட்ராவில் அடவுகளை முதலில் நடந்து பார்த்துவிட்டு, அதே வரிசையை அடுத்தடுத்த ஜோடியுடன் திரும்பத் திரும்ப ஆடுகிறீர்கள். மறந்தால் எதிரே நிற்பவர் கைபிடித்துத் திருப்பிவிடுவார். கழக ஸ்கொயரில் எட்டுப் பேர். ஆட வேண்டிய அடவை உரக்கச் சொல்பவர்தான் அழைப்பாளர்; அடுத்து எந்த அடவைச் சொல்வார் என்பது ஆடுபவர் யாருக்கும் தெரியாது. ஒருவர் தடுமாறினால் எட்டுப் பேரும் நிற்க வேண்டியதுதான். 1974இல் முதல் மாநாடு கூட்டிய கால்லர்லேப் என்ற அழைப்பாளர் சங்கம் வகுத்த 'மெயின்ஸ்ட்ரீம்' என்ற அடிப்படை நிலைக்கே சுமார் 70 அடவுகள் கற்க வேண்டும். இளைஞர்கள் வருவதில்லை என்று புலம்பும் கழகங்கள், செப்டம்பரில் வகுப்பைத் தொடங்கிவிட்டு, நடுவில் வருபவரை அடுத்த ஆண்டு வரச் சொல்கின்றன! சுமார் 50 அடவுகளோடு முடியும் குறுகிய பாடத்திட்டத்தை அதே சங்கம் வகுத்த பிறகும் பலர் பழைய வழியை விடவில்லை.

ஜோடி விஷயத்தில் கவனம் தேவை. கான்ட்ராவில் ஒவ்வொரு நடனத்துக்கும் ஜோடி மாறும். ஸ்கொயர் கழகங்கள் பலவற்றில் தம்பதியராகவே வருகிறார்கள். தனியாக வருபவரைச் சேர்ப்பார்களா என்று பணம் கட்டும் முன் கேளுங்கள்.

ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ளாதீர்கள். விளம்பரத்தில் 'ஸ்கொயர்' என்று கண்டதுமே வகுப்பு வேண்டும் என்று விலகிவிட வேண்டாம். ஃபிடிலை (நாட்டுப்புற பாணியில் வாசிக்கும் வயலின்) நேரடியாக வாசிக்க, அழைப்பாளர் அங்கேயே சொல்லித்தரும் பாரம்பரிய ஸ்கொயர் நடனம் வேறு. அதற்குப் பாடத்திட்டம் இல்லை, உடை விதி இல்லை, ஜோடியும் அங்கேயே கிடைக்கும். கான்ட்ரா மாலைகளில்கூட இடையிடையே அதை ஆடுவதுண்டு. நீங்களும் ஒருவேளை ஆடியிருப்பீர்கள். கழகங்களில் பெரும்பாலும் பதிவுசெய்த இசைதான் என்பதால், பதிவுசெய்த இசையா, நேரடி இசையா என்று விசாரியுங்கள்; நேரடி இசை, புதியவர்கள் வரலாம் என்றால் தயங்காமல் போங்கள். கழகம்தான் வேண்டுமென்றால், அந்தக் குறுகிய பாடத்திட்டத்தை நடத்தும் கழகமாகத் தேடுங்கள்.