சொந்த வீடு இருப்பது ஒரு குழந்தைக்கு எவ்வளவு முக்கியம்?

மகனுக்கு ஏழு வயது, இப்போது வாடகை வீடு, கடன் வாங்கி ஊருக்கு வெளியே சொந்த வீட்டுக்குப் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பத்திரம் யார் பேரில் இருக்கிறது என்று ஏழு வயசுப் பையனுக்குத் தெரியாது. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அங்கே யார் இருப்பார்கள் என்பது நன்றாகத் தெரியும்.

சென்னைக்குத் தெற்கே பெரும்பாக்கத்தில் மாலை வகுப்பு எடுத்திருக்கிறேன். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு அடையாறு, கூவம் கரைகளில் இருந்த ஏராளமான குடும்பங்களை அங்கே அடுக்குமாடிகளில் குடியமர்த்தினார்கள்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்குள்ளேயே கழிப்பறை. வயசுக்கு வந்த பெண்பிள்ளைக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று பொதுக் கழிப்பறை வரிசையில் நின்றவர்களைக் கேட்டால் தெரியும். ராத்திரி மழை பிடித்தால் புத்தகப்பையைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம். இதையெல்லாம் மறந்துவிட்டு 'குடிசையே சொர்க்கம்' என்று எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

ஆனால் அம்மாக்களின் வேலை பழைய இடத்திலேயே நின்றுவிட்டது. நகரத்துக்குள் வீட்டுவேலை செய்தவர்கள் விடிவதற்கு முன்பே பஸ் பிடித்தார்கள், திரும்ப இருட்டிவிடும். என் வகுப்பில் ஐந்தாவது படித்த ஒரு பையன் ஐடி கார்டு கயிற்றிலேயே வீட்டுச் சாவியையும் கோர்த்துப் போட்டிருப்பான். வகுப்பு முடிந்தாலும் கிளம்ப மாட்டான். பாயைச் சுருட்டுவான், போர்டை அழிப்பான், அழித்த போர்டை மறுபடி அழிப்பான். ஏன்டா என்றால், "போய் இன்னா மிஸ் பண்றது? பழைய எடத்துல எதிர்வூட்டு ஆயா கூப்ட்டு சோறு போடும்" என்றான். அந்த ஆயாவுக்கு வேறு பிளாக்கில், மேல்மாடியில் வீடு ஒதுக்கியிருந்தார்கள். லிஃப்ட் ஓடாத நாட்களில் அவர் இறங்குவதே இல்லை.

முன்பைவிடக் கெட்டியான வீடு. ஆனால் அதற்குள் தனியாகப் போக அவனுக்குப் பிடிக்கவில்லை.

அதனால் உங்கள் விஷயத்தில் நான் பார்ப்பது இதைத்தான்: புது வீட்டுக்குப் போனால் நீங்களோ உங்கள் துணையோ எத்தனை மணிக்கு வீடு திரும்புவீர்கள்? தவணை கட்ட இருவரும் கூடுதலாக வேலை பார்க்க வேண்டியிருக்குமா? அவசரத்துக்குப் பையனை விட்டுவிட்டுப் போக அக்கம்பக்கத்தில் ஆள் உண்டா? மூன்றுக்கும் பதில் சரியாக இருந்தால் தாராளமாகப் போங்கள். இல்லையென்றால் வாடகை வீட்டிலேயே, அடிக்கடி மாறாமல், அதே தெருவில் இருங்கள். அவனுக்கு ஒரு குறையும் வராது.

போவதானால் முழுப்பரீட்சை முடிந்து மே மாதத்தில் மாறுங்கள். நடுவருஷத்தில் மாற நேர்ந்தாலும் பயப்பட வேண்டாம். 2009 கல்வி உரிமைச் சட்டப்படி, டிசி வரத் தாமதமாகிறது என்பதற்காக எட்டாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளை அரசுப் பள்ளியிலும் அரசு உதவி பெறும் பள்ளியிலும் சேர்க்காமல் திருப்பி அனுப்பக் கூடாது. பெரும்பாக்கத்தில் நான் பேசிய பெற்றோர் பலருக்கு இது தெரிந்திருக்கவே இல்லை.